முனிரத்தினத்தின் இரண்டு வரி

அல்சூரில் பிளவுஸ் தைக்கிற ஜெயலக்ஷ்மி வீடு எது என்று கேட்டால் ஆட்டோக்காரர்கள்கூடக் காட்டிவிடுவார்கள். பாடுகிற ஜெயலக்ஷ்மி என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. இத்தனைக்கும் அவள் குரல் போகாத வீடு அந்த வட்டாரத்தில் கிடையாது. தமிழ் வீடு, கன்னட வீடு, கல்யாண மண்டபம், பிள்ளையார் பந்தல் என்று எல்லா இடத்துக்கும் முப்பது வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிறது. யாருடைய குரல் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அவளும் சொல்லவில்லை. அடக்கத்தால் சொல்லவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். அடக்கமெல்லாம் அவளிடம் அளவாகத்தான் இருந்தது. வெட்கத்தால் சொல்லவில்லை.

அந்த வெட்கம் வந்த கதை இது.

ஜெயலக்ஷ்மியின் அப்பா மைசூர் சர்க்கார் காலத்தில் டவாலி போட்ட சேவகர். வீட்டில் பாட்டுக்கென்று தனியாக வாத்தியார் வைக்கிற வசதி கிடையாது. சனிக்கிழமை சாயங்காலம் பஜனைக் கூடத்தில் உட்கார்ந்து காதால் கேட்டு, வாயால் சொல்லி, அப்படியே வந்த பாட்டுதான். குரல் நல்ல குரல். மேலே போனாலும் கீறாது. கல்யாணம் பஸ் டிப்போ மெக்கானிக் சந்தானத்தோடு நடந்தது. அவருக்கு என்ஜின் சத்தத்தில் எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வரும். கல்யாணியும் காம்போதியும் அவருக்கு ஒன்றுதான். பையன் பரத் பிறந்த பிறகு ஒரு தையல் மெஷின் வாங்கிப் போட்டார். அது ஓட ஆரம்பித்தது இன்னும் நிற்கவில்லை.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் சிவாஜிநகர் பக்கம் ஒரு கேசட் கம்பெனி இருந்தது. அம்மன் பாட்டு, ஐயப்பன் பாட்டு என்று போடும்போது பின்பாட்டுக்குப் பெண்கள் வேண்டுமென்றால் பஜனைக் கூடத்துக்குத்தான் ஆள் அனுப்புவார்கள். ஜெயலக்ஷ்மி இரண்டு மூன்று தடவை போயிருக்கிறாள். அந்தக் கம்பெனி முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. கர்நாடக சங்கீதத்தில் எல்லாருக்கும் பிடித்த பாட்டாகப் பன்னிரண்டைப் பொறுக்கி ஒரே கேசட்டாகப் போட்டால் என்ன? பெரிய வித்வான்கள் பாடின பதினொரு பாட்டு அவரிடமே கையிருப்பில் இருந்தது. பன்னிரண்டாவதுதான் இல்லை.

பன்னிரண்டாவது மத்யமாவதியாக இருக்க வேண்டும். கச்சேரி கேட்கிறவர்களுக்கு இது தெரியும். ஆரம்பத்திலிருந்து எங்கே தாளம் தப்பியிருந்தாலும், எங்கே ஒரு வரி நழுவியிருந்தாலும், முடிவில் மத்யமாவதி ராகம் பாடிவிட்டால் அத்தனை குற்றமும் கழுவிப் போய்விடும் என்பார்கள். அதனால் கடைசியில் அதைப் பாடாமல் எழுந்திருக்க மாட்டார்கள். பாடுவதாக ஒப்புக்கொண்ட பெரிய பாடகி பதிவு நாளன்று காலையில் ஜுரம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். மறுநாள் கேசட் வேலை முடிய வேண்டும். வேறொரு அம்மன் பாட்டுக்குப் பின்பாட்டுப் பாட வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்து முதலாளி கேட்டார்:

“உங்கள்ல யாருக்காவது மத்யமாவதியில ஒரு பாட்டு முழுசா வருமா?”

ஜெயலக்ஷ்மி கையைத் தூக்கினாள்.

அவளுக்கு வந்தது முனிரத்தினத்தின் பாட்டு. இந்த முனிரத்தினம் பெரிய மகான் ஒன்றும் இல்லை. கோலார் தங்கவயலில் வெள்ளைக்காரன் காலத்தில் டைம் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தவர். சுரங்கத்தில் இறங்குகிறவர்களுக்கும் ஏறுகிறவர்களுக்கும் டிக் போடுகிற வேலை. வாழ்நாளில் எத்தனை பாட்டுக் கட்டினாரோ தெரியாது, நின்றது இந்த ஒன்றுதான். தங்கவயல்காரர்கள் வேலை தேடிப் பெங்களூருக்கு வந்தபோது பாட்டும் கூடவே வந்து அல்சூர் பஜனையில் சேர்ந்துகொண்டது. பாட்டுக் கட்டுகிறவர்கள் தங்கள் பேரைக் கடைசிச் சரணத்தில் வைத்துத்தான் முடிப்பார்கள், அதற்கு முத்திரை என்று பேர். முனிரத்தினமும் வைத்திருந்தார், கடைசி இரண்டு வரியில்.

‘முன்னும் பின்னும் அறியாத முனிரத்தினம் கேட்க
இன்னும் ஏன் மௌனமம்மா, எழுந்தருள்வாயே.’

அவ்வளவுதான் அவர் கேட்டது.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஜெயலக்ஷ்மி, மிருதங்கத்தோடு பாலசுப்ரமணியன், ஒரு வயலின். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டேப்பைப் பார்த்துக்கொள்கிறவர். நன்றாகத்தான் போயிற்று. அவளுக்கே அன்றைக்குக் குரல் பிடித்திருந்தது. கடைசிச் சரணத்தில் பாதி வரும்போது அந்த ஆள் கண்ணாடி வழியாக விரலைச் சுற்றிக் காட்டினார். டேப் முடியப் போகிறது, சீக்கிரம் முடி என்று அர்த்தம். முதல் தடவை தனியாகப் பாடுகிறவள், பயந்துவிட்டாள். இரண்டு வரியை அப்படியே விட்டுவிட்டுப் பல்லவிக்குத் தாவினாள். பாலசுப்ரமணியன் கெட்டிக்காரர். ஒரு நொடிகூடத் தடுமாறாமல், முடிவுக்கு வாசிக்கிற தீர்மானத்தை வைத்து, அங்கேதான் முடிய வேண்டும் என்பது போல முடித்துக் கொடுத்துவிட்டார்.

வெளியே வந்ததும் டேப்காரர், “பிரமாதம்மா! இன்னும் ஒரு நிமிஷ டேப் மிச்சம்கூட இருக்கு” என்றார்.

இரண்டு வரிக்கு ஒரு நிமிஷம் தாராளம்.

“ஐயோ, நான் முத்திரையை விட்டுட்டேனே! இன்னொரு தடவை பாடறேன்” என்றாள். அடுத்த கோஷ்டி கதவில் நின்றது. முதலாளி கையெடுத்துக் கும்பிட்டார். பாலசுப்ரமணியன் மிருதங்கத்துக்கு உறை போட்டுக்கொண்டே சொன்னார்: “விடும்மா. பாடினது மத்யமாவதி. பாடும்போதே அதுவும் கழுவிப் போயிருக்கும்.”

போகவில்லை.

கேசட் வந்தது. அட்டையில் பதினொரு வித்வான்களின் பேர். பன்னிரண்டாவதுக்கு நேராக ‘மற்றும் குழுவினர்’. கட்டினவர் பேர் இருக்க வேண்டிய இடத்தில் ‘பாரம்பரியம்’. தன் பேர் இல்லாததைப் பார்த்து ஜெயலக்ஷ்மிக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. விட்டது யார் என்று யாருக்கும் தெரியப்போவதில்லை.

ஆனால் அந்தக் கேசட் ஓடின ஓட்டம் யாரும் எதிர்பார்க்காதது. பதினொரு பெரியவர்களும் பாடி முடித்த பிறகு, யாரென்று தெரியாத ஒரு பெண் குரல் வந்து முடித்து வைப்பது ஜனங்களுக்கு என்னவோ பிடித்துப்போயிற்று. சத்யநாராயண பூஜை முடிந்தால் அந்தப் பாட்டு. நிச்சயதார்த்தத் தட்டு மாற்றினால் அந்தப் பாட்டு. டியூஷன் வைத்துச் சொல்லிக்கொடுக்கிறவர்களும் கேசட்டைப் போட்டே சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டு வரி இல்லாமல்தான். இரண்டு வருஷம் கழித்துப் பஜனைக் கூடத்திலேயே ஒரு சனிக்கிழமை ஜெயலக்ஷ்மி முத்திரைக்கு வாயைத் திறந்தபோது, மற்ற எல்லாரும் பல்லவிக்குப் போயிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டாள். அதற்கப்புறம் சனிக்கிழமைகளில் அவளுக்குத் தையல் வேலை அதிகமாகிவிட்டது.

இப்படியே வருஷம் போயிற்று. கேசட் போய் சிடி வந்தது, அதுவும் போய் ஃபோனில் வந்தது. சந்தானம் ரிட்டயர் ஆனார். பரத் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய், தாரணியைக் கட்டிக்கொண்டு வைட்ஃபீல்டில் பதினேழாவது மாடியில் குடியேறினான். ஜெயலக்ஷ்மிக்கு அறுபத்து மூன்று வயதாயிற்று. கழுத்து வளைவு வெட்டுவதில் அவளை மிஞ்ச இன்னும் ஆள் வரவில்லை.

போன வருஷம் நவராத்திரிக்கு முந்தின வாரம். வீடு முழுக்கத் துணி. வாசலில் ஒரு கார் வந்து நின்றது. பிளவுஸ் அவசரக்காரி என்று நினைத்து, “தசரா முடிஞ்சுதான் எடுப்பேன், சொல்லிட்டேன்!” என்று உள்ளேயிருந்தே குரல் கொடுத்தாள்.

“அளவு கொடுக்க வரலைம்மா. ஜெயலக்ஷ்மி அம்மா நீங்கதானே?”

வந்தவள் பேர் நிருபமா. முப்பத்தைந்து வயது இருக்கும். பழைய கேசட் கம்பெனியின் சரக்கையெல்லாம் வாங்கியிருக்கிற ஒரு புதுக் கம்பெனியில் வேலை, ஆபீஸ் வைட்ஃபீல்டில். அந்தப் பன்னிரண்டு பாட்டையும் சுத்தம் பண்ணி மறுபடி வெளியிடப் போகிறார்களாம். ஃபோனிலும் வருமாம், கறுப்பு இசைத்தட்டாகவும் வருமாம், கூட ஒரு சின்னப் புத்தகமும் வைப்பார்களாம்.

“பன்னிரண்டாவது யார் பாடினதுன்னு மூணு மாசமாத் தேடறோம். கடைசியில மிருதங்கம் பாலசுப்ரமணியன் சாரைப் பிடிச்சோம். வயசாயிடுச்சு, மகள் வீட்டுல இருக்கார். அவர்தான் சொன்னார், ‘தையல்காரம்மா’ன்னு” என்று சிரித்தாள். “உங்க பேரைப் பெருசாப் போடப்போறோம்மா. போட்டோவோட. நீங்க சம்மதக் கடுதாசியில கையெழுத்துப் போட்டா ஆய்த்து.”

வாசற்படியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த சந்தானம் பேப்பரை மடித்தார். “ஏ ஜெயா, போட்டோவாம். இருக்கறதுலயே நல்ல பிளவுஸாப் போட்டுக்கோ. தைக்கறவ வீட்டுல அது ஒண்ணுக்குத்தான் பஞ்சம்.”

ஜெயலக்ஷ்மி சிரிக்கவில்லை. கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

“பேர் போடாதம்மா. முன்னாடி மாதிரியே குழுவினர்னு போடு.”

“ஏம்மா?”

“அதுல நான் ரெண்டு வரி விட்டிருக்கேன். சாதாரண வரின்னா போகட்டும், பாட்டுக் கட்டினவர் பேர் இருக்கற வரி. உலகம் பூரா விட்டது யாருன்னு தெரியாம இருக்கு. இப்ப நீ போட்டோ பிடிச்சுக் காட்டறேங்கற.”

நிருபமாவுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. “யாருக்கும் தெரியாதும்மா. எல்லாரும் இப்ப அப்படித்தானே பாடறாங்க?”

“அதான் சொல்றேன்.”

அப்புறம் ஜெயலக்ஷ்மிக்கே ஒரு நப்பாசை வந்தது. “ஒண்ணு பண்ணு. நான் மறுபடி பாடறேன், சரியா, முழுசா. அதைப் போட்டு, கீழ என் பேரைப் போட்டுக்கோ. போட்டோவும் எடுத்துக்கோ.”

பாடியும் காட்டினாள், அங்கேயே, துணிக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்தபடியே. பாட்டு முழுசாக வந்தது. சுருதிதான் இரண்டு கட்டை கீழே இறங்கியிருந்தது. மேலே போகும் இடத்தில் குரல் கொஞ்சம் யோசித்துப் போயிற்று. நிருபமா நல்ல பெண், பொய் சொல்லத் தெரியவில்லை.

“நல்லா இருக்கும்மா. ஆனா… ஜனங்க கேக்கறது அந்தக் குரலைம்மா.”

“அந்தக் குரல் எங்கிட்ட இல்லையே. நான் என்ன பண்ணட்டும்?”

“உங்க சம்மதம் இல்லாம போட முடியாது. யோசிச்சுச் சொல்லுங்க. நான் அவசரப்படுத்தலை.” காகிதத்தை மெஷின் மேலே வைத்துவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் சந்தானம் கேட்டார், “ரெண்டு வரிக்கா இத்தனை வருஷமா இப்படி இருக்கே? எங்க டிப்போவுல ஒரு தடவை பிரேக் இல்லாம வண்டியை வெளிய அனுப்பிட்டாங்க. அனுப்பினவனே மறந்துட்டான்.”

“அந்த வண்டியில போனவன் மறந்திருக்க மாட்டான்” என்றாள் ஜெயலக்ஷ்மி.

அதோடு விட்டிருந்தால் கடுதாசியைத் திருப்பி அனுப்பியிருப்பாள், கதையும் முடிந்திருக்கும். நடுவில் கொலு வந்தது.

தாரணி அந்த வருஷம் வீட்டில் ஏழு படி வைத்திருந்தாள். “அத்தை, நீங்க வந்தே ஆகணும்” என்று நாலு தடவை ஃபோன். சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் ஜெயலக்ஷ்மி அல்சூரில் மெட்ரோ ஏறினாள். சந்தானம் வரவில்லை, சுண்டலை மட்டும் கொண்டுவரச் சொன்னார். பதினேழாவது மாடியில் கொலு நன்றாகத்தான் இருந்தது. பத்துப் பன்னிரண்டு பெண்கள். பாதிப் பேர் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள், இரண்டு பேர் கன்னடக்காரிகள். தாம்பூலத்தில் வைத்திருந்த பிளவுஸ் துணியை எல்லாரும் ஜெயலக்ஷ்மியிடம் காட்டி, “ஆன்ட்டி, இதுல கை வருமா?” என்று கேட்டார்கள். “ஒரு கைதான் வரும். இன்னொரு கைக்கு அடுத்த வருஷம் வாங்கிக்கோ” என்றாள். நல்ல சிரிப்பு.

கொலுவுக்கு வந்தால் பாட வேண்டும். ஒவ்வொருத்தராகப் பாடினார்கள். கடைசியில் எல்லாருமாகச் சேர்ந்து பாடலாம் என்று சுப்ரியா ஆரம்பித்தாள். இந்த சுப்ரியா பதினோராவது மாடி. திருச்சிக்காரி, ஞாயிற்றுக்கிழமைதோறும் கம்ப்யூட்டர் வழியாகப் பாட்டு வகுப்பு. தொடையில் தாளம் போடுவதைப் பார்த்தாலே கணக்கு தப்பாதவள் என்று தெரியும். எடுத்தது முனிரத்தினத்தின் பாட்டு.

ஜெயலக்ஷ்மி பேசாமல் இருந்திருக்கலாம். வேறு எந்த வருஷமாக இருந்தாலும் இருந்திருப்பாள். ஆனால் இரண்டு வாரமாக அந்த இரண்டு வரி நாக்கு நுனியிலேயே உட்கார்ந்திருந்தது. கடைசிச் சரணத்தில் எல்லாரும் பல்லவிக்குத் திரும்ப, அவள் மட்டும் ‘முன்னும் பின்னும் அறியாத’ என்று நேராகப் போனாள். பன்னிரண்டு பேர் ஒரு பக்கம், ஒருத்தி ஒரு பக்கம். கொஞ்ச தூரம் இரண்டும் இடித்துக்கொண்டு போய், பாட்டே நின்றுவிட்டது.

“ஆன்ட்டி, அங்க பல்லவி” என்றாள் சுப்ரியா. மரியாதையாகத்தான் சொன்னாள்.

“இல்லம்மா. அங்க ரெண்டு வரி இருக்கு.” வரிகளைச் சொல்லிக் காட்டினாள்.

“முனிரத்தினமா? யாரு ஆன்ட்டி அது?”

“பாட்டைக் கட்டினவர்.”

சுப்ரியா தலையை ஆட்டினாள். “எங்க மிஸ் வேற மாதிரி சொல்லியிருக்காங்க. இது ரொம்பப் பழைய பாட்டு, யாரோ பெரிய மகான் பண்ணினது, பேர் தெரியலை. இந்த முனிரத்தினம்ங்கறது யாரோ நடுவுல சொருகினதா இருக்கும். கோயில்ல டியூப்லைட் வாங்கிக் கொடுத்துட்டு, வெளிச்சமே தெரியாத அளவுக்கு அது மேல தன் பேரை எழுதி வைப்பாங்களே, அந்த மாதிரி!”

எல்லாரும் சிரித்தார்கள். நல்ல வேடிக்கைதான். வேறு யாரைப் பற்றிச் சொல்லியிருந்தாலும் ஜெயலக்ஷ்மியும் சிரித்திருப்பாள்.

“இருங்க, ஒரிஜினலே போட்டுக் காட்டறேன்” என்று சுப்ரியா ஃபோனை எடுத்துத் தட்டினாள். கொலுப்படிக்குப் பக்கத்தில் இருந்த ஸ்பீக்கரில் முப்பது வயது ஜெயலக்ஷ்மி பாட ஆரம்பித்தாள். கீறாத குரல். கடைசிச் சரணம், பாதி, பல்லவி. பாலசுப்ரமணியனின் தீர்மானம்.

“பாத்தீங்களா ஆன்ட்டி? இதுதான் கரெக்ட்.”

“அது நான்தான்மா” என்றாள் ஜெயலக்ஷ்மி.

சுப்ரியா கையைத் தட்டி, “சூப்பர் ஆன்ட்டி!” என்று விழுந்து விழுந்து சிரித்தாள். ஒரு கை பிளவுஸ் மாதிரி இதுவும் ஒரு வேடிக்கை என்று நினைத்துக்கொண்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. எதிரே உட்கார்ந்திருந்தவள் சுருதி இறங்கிப்போன ஒரு தையல்காரி. ஸ்பீக்கரில் பாடினவள் வேறு யாரோ மாதிரித்தான் இருந்தாள், ஜெயலக்ஷ்மிக்கே.

லிஃப்டில் இறங்கும்போது தாரணி மெதுவாகக் கேட்டாள்: “அத்தை, நிஜமாவா?”

“ஆமா. உன் வீட்டுக்காரனைக் கேளு. அப்ப அவன் ஒண்ணாங்கிளாஸ்.”

“அப்புறம் ஏன் அத்தை இன்னிக்கு மாத்திப் பாடினீங்க?”

“இன்னிக்கு மாத்தலை. அன்னிக்குத்தான் மாத்தினேன்.”

மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்தது. மடியில் சுண்டல் டப்பா. ஜெயலக்ஷ்மி கணக்குப் போட்டுப் பார்த்தாள். தன் பேர் வெளியே வராமல் இருந்தால் தப்பு அப்படியே மறைந்துபோகும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். தப்பு மறையவில்லை, அது தப்பு என்பதுதான் மறைந்துபோயிற்று. பேர் தெரியாத குரல் பாடிய பாட்டு என்பதால் யாரும் அதைச் சந்தேகப்படவில்லை. அதுவே சரியான பாட்டாகிவிட்டது. ஒரு ஆள் பேர் இருந்திருந்தால், ‘ஓ, இவள் இப்படிப் பாடியிருக்கிறாள்’ என்றாவது யாராவது நினைத்திருப்பார்கள். அவள் தன்னை மறைத்துக்கொண்டதில் முனிரத்தினம் டியூப்லைட் உபயக்காரராகிவிட்டார். அவர் கட்டின பாட்டில் அவரே திருட்டுத்தனமாக நுழைந்தவர் மாதிரி. இந்திராநகர் தாண்டும்போது முடிவுக்கு வந்துவிட்டாள். முடிவுக்கு வந்தால் அப்புறம் அவளை அசைக்க முடியாது என்பது சந்தானத்துக்குத் தெரியும், நிருபமாவுக்குத் தெரியாது.

விஜயதசமியன்று காலையில் ஃபோன் போட்டாள்.

“நிருபமா, கையெழுத்துப் போடறேன். பழைய பாட்டையே போட்டுக்கோ. பேரும் போடு. போட்டோவும் எடு.”

“ரொம்ப சந்தோஷம்மா!”

“இரு. புத்தகத்துல என்ன எழுதணும்னு நான் சொல்றேன், எழுதிக்கோ. பாடியவர் ஜெயலக்ஷ்மி, அல்சூர். பாட்டைக் கட்டியவர் தங்கவயல் முனிரத்தினம். கடைசிச் சரணத்தில் இரண்டு வரி விட்டுப் போயிருக்கிறது. விட்டது பாடியவளின் தப்பு. விட்ட வரி இது. அப்படின்னு போட்டு, அந்த ரெண்டு வரியையும் அச்சடிச்சிடு.”



“அம்மா, தன் ஆல்பத்துல தானே இது தப்புன்னு யாராவது அச்சடிப்பாங்களா?”

“பிளவுஸ்ல ஒரு தோள் அரை இஞ்சு இறங்கிப் போச்சுன்னா, கொடுக்கும்போதே சொல்லித்தான் கொடுப்பேன். வீட்டுக்குப் போய் கண்ணாடி முன்னால போட்டுப் பாத்துட்டு அவங்க வந்து சொன்னா, எனக்கு அது மரியாதை இல்ல.”

நிருபமா மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். மேலே இருந்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. ஒரு வாரம் கழித்து அச்சடித்த ஒரு தாளோடு வந்தாள். அதில் ‘சுருக்கப்பட்ட வடிவம்’ என்று போட்டிருந்தது. ஜெயலக்ஷ்மி கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

“யாரு சுருக்கினது?”

“அது… பொதுவா அப்படிப் போடறது வழக்கம்மா.”

“தானா சுருங்கறதுக்கு அது என்ன காட்டன் துணியா, தண்ணியில நனைச்சதும் சுருங்க? நான் சொன்னதைப் போடு.”

பின்பு ‘பாரம்பரியப் பாடல், முனிரத்தினம் என்பவர் இயற்றியதாகக் கருதப்படுகிறது’ என்று ஒரு தாள் வந்தது. “யார் கருதறாங்க?” என்று அதையும் திருப்பிக் கொடுத்தாள். ஆதாரம் வேண்டும் என்றார்கள். தங்கவயலிலிருந்து வந்தவர்தான் பாலசுப்ரமணியனும், அவருக்குக் கண்தான் மங்கலே தவிர ஞாபகம் மங்கவில்லை. அவர் மகள் ஃபோனில் பதிவு பண்ணி அனுப்பினாள். தங்கவயலில் முனிரத்தினம் குடியிருந்த லைன் வீட்டு வரிசை முதற்கொண்டு சொல்லி, கடைசியில் இருமிக்கொண்டே, “மறுபடி பாட வேண்டாம், விடுன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொன்னது நான்தான். அதையும் எழுதிக்கங்க” என்று முடித்திருந்தார். அதை எழுத ஜெயலக்ஷ்மி விடவில்லை. “பாடினது நான். அவர் எதுக்கு நடுவுல?”

சந்தானம் மட்டும் ஒரு தடவை கேட்டார்: “ஊர்ல எவளும் மேடை போட்டு, நான் தப்புப் பண்ணினேன்னு சொல்லலை. உனக்கு மட்டும் எதுக்கு?”

“எவளும் பாட்டை விழுங்கலை.”

“அது சரி” என்று அவர் டீ போடப் போய்விட்டார். அவர் போடுகிற டீ நன்றாக இருக்கும்.

கடைசியில் நிருபமாதான் சாதித்தாள். அந்தக் குரலை விட்டுவிட்டு வேறொரு மத்யமாவதியைப் போட்டால், வாங்குகிறவர்கள் பன்னிரண்டாவது எங்கே என்று கேட்பார்கள் என்று மேலே எடுத்துச் சொல்லியிருக்கிறாள். கம்பெனி ஒப்புக்கொண்டது. ஜெயலக்ஷ்மி சொன்னபடியே, ஒரு எழுத்து குறையாமல் அச்சாகி வந்த தாளை இரண்டு தடவை படித்துவிட்டு, மெஷின் பலகையிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டாள். போட்டோவுக்குப் பச்சைப் பட்டு பிளவுஸ்.

டிசம்பரில் வெளிவந்தது. பரத் ஒரு இசைத்தட்டு வாங்கி வந்தான். போட்டுக் கேட்க வீட்டில் பெட்டி இல்லை. புத்தகத்தை மட்டும் எல்லாரும் பார்த்தார்கள். சுப்ரியாவிடமிருந்து தாரணிக்கு ஃபோனில் அழுகிற முகமும் கும்பிடுகிற கையுமாக வரிசையாக வந்ததாம். ஜெயலக்ஷ்மி, “அவ மேல தப்பில்லைன்னு சொல்லு. தாளம் நல்லாப் போட்டா” என்றாள்.

ஊர் திருந்திவிட்டதா என்றால், இல்லை. கல்யாண மண்டபங்களில் பழையபடிதான் ஓடுகிறது, ஓடும். கம்பெனி வழியாக நம்பர் வாங்கிக்கொண்டு கொஞ்சம் பேர் ஃபோன் பண்ணினார்கள். அநேகமாக எல்லாரும் குரலைப் புகழ்ந்தார்கள். ஒரு அம்மாள், “இருக்கற நீளமே போதும்மா, ஆரத்தி எடுக்கறவங்களுக்குக் கை வலிக்குது” என்றாள். இன்னொருத்தி பிளவுஸ் தைக்க அளவு அனுப்பலாமா என்று கேட்டாள்.

பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் ஒரு மத்தியானம் மைசூரிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். பேர் தேசிகன் என்றார், சர்க்கார் வேலையில் இருந்து ரிட்டயர் ஆனவர், வயது எழுபத்தாறு. எடுத்த எடுப்பிலேயே கோபம்.

“நீங்கதானா அது? என் தாத்தா தங்கவயல்ல வேலை பார்த்தவர். எங்க வீட்டுல இந்தப் பாட்டு முழுசா உண்டு. உங்க கேசட் வந்ததுலேர்ந்து என் பெண்டாட்டி, என் பொண்ணு, ஒருத்தரும் நான் பாடறதை நம்பலை. நான்தான் ஏதோ சேர்த்துப் பாடறேன்னு சொன்னாங்க. முப்பது வருஷம்மா! ஒரு மனுஷன் பேரை முப்பது வருஷம் விழுங்கறதாவது! ஒரு தடவை நின்னு யோசிக்க வேண்டாமா?”

“ஆமாங்க” என்றாள் ஜெயலக்ஷ்மி.

“அப்பவே திருத்தியிருக்கக் கூடாதா?”

“திருத்தியிருக்கணும்.”

அவர் நிறுத்தவில்லை. கால் மணி நேரம் திட்டினார். ஜெயலக்ஷ்மி ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை, குறுக்கே பேசவும் இல்லை. மெஷினை மட்டும் நிறுத்தியிருந்தாள். கோபம் தீர்ந்த பிறகு அவருக்கே என்னவோ போல ஆகி, “சாப்டீங்களா?” என்று கேட்டுவிட்டு வைத்தார்.

உள்ளேயிருந்து சந்தானம் வந்தார். “யாரு, இவ்வளவு நேரமா?”

“மைசூர்லேர்ந்து. திட்டறதுக்குக் கூப்பிட்டார்.”

“கால் மணி நேரம் திட்டினானா? நீ கேட்டுக்கிட்டு இருந்தியா?”

“நியாயமாத்தான் திட்டினார்” என்றாள். நூல் அறுந்திருந்தது. ஊசியில் கோத்துக்கொண்டு மெஷினை மிதித்தாள்.